பிளீச்சிங் பவுடர்: மழைக்காலத்துக்கு வீட்டில் எவ்வளவு வைத்திருப்பது, எப்படிப் பயன்படுத்துவது?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலைப் பற்றித்தான் செய்திகளில் பெரிதாக வந்தது. ஊர்களுக்குள் இருந்தவர்களை முதல் நாளே வாட்டியது குடிநீர். குழாயில் தண்ணீர் வரவில்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. கொல்லைக் கிணற்றில் வெள்ளம் புகுந்து, தண்ணீர் செம்மண் கரைசலாக நின்றது.

இந்த ஆண்டு முன்கூட்டியே தயாராக நினைக்கிறேன். டார்ச், அரிசி, பருப்பு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோ வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் அளவுதான் புரியவில்லை. ஒருவர் குடத்துக்கு ஒரு சிட்டிகை என்கிறார், இன்னொருவர் ஒரு கரண்டி என்கிறார். பினாயில் பாட்டில் இரண்டு இருக்கும்போது இது எதற்கு என்று அம்மா கேட்கிறார். தெரிந்தவர்கள் சரியான கணக்கைச் சொல்லுங்கள். குத்துமதிப்பு வேண்டாம்.

குழாயடி

இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மருந்துப் பொடியை வயிற்றுக்குள் ஏன் அனுப்ப வேண்டும்?

கோடியக்கரைக் காற்று

குழாயடி, கஜா புயலை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. விழுந்து கிடந்த தென்னை மரங்களுக்குக் கணக்கே இல்லை, ஆனால் அடுப்பில் வைக்க ஒரு காய்ந்த மட்டை கிடைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. இருக்கிற கேஸில் சோறு வடிப்பீர்களா, ஆறு பேருக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பீர்களா? ஊர் ஊராக ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அது வரும்வரை அடிபம்புதான், கிணறுதான்.

கொதிக்கவைப்பது சிறந்த வழி, மறுக்கவில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும். ஆனால் ஆறிய பிறகு அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. முகாமில் இருக்கும் அண்டாவில் இருபது பேர் டம்ளரோடு கையை விடுவார்கள். அடுத்த நாளே வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். குளோரின் போட்ட தண்ணீரில் கொஞ்சம் குளோரின் மிச்சம் நின்று காவல் காக்கும். அதற்காகத்தான் பொடி வேண்டும் என்கிறேன்.

நீர்க்கணக்கு

தாமிரபரணிக்கரை தம்பி, சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பினாயில் தரை துடைக்க மட்டும். கறுப்பானாலும் வெள்ளையானாலும் ஒரு சொட்டுகூடக் குடிநீரில் விழக்கூடாது. வாசனை சேர்த்து விற்கும் தரைத் திரவங்களுக்கும் துணி வெளுக்கும் வாசனைத் திரவங்களுக்கும் இதே விதிதான். குடிநீருக்கு ஆகும் வீட்டுப் பொருள், வேறு எதுவும் கலக்காத பிளீச்சிங் பவுடர். அல்லது அரசு சுகாதாரப் பணியாளர்கள் கொடுக்கும் குளோரின் மாத்திரை. மாத்திரை கிடைத்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். எத்தனை லிட்டருக்கு என்று அட்டையில் அச்சடித்திருக்கும், அந்த அளவை மீற வேண்டாம்.

இனிப் பொடியின் கணக்கு. நல்ல நிலையில் உள்ள பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். தெளிந்த கிணற்று நீருக்கு நாங்கள் பயிற்சியில் படித்த குறைந்தபட்ச அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இல்லையென்றால் போட்டது போதவில்லை.

உறைகிணறுக்குக் கணக்குப் போடுவது எளிது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கனமீட்டர் வரும். ஒரு கனமீட்டர் 1000 லிட்டர். 1.2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3400 லிட்டர்.

பொடியை அப்படியே கிணற்றுக்குள் கொட்டுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அது வீண். பிளாஸ்டிக் வாளியில் பொடியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைக்க வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் குளோரின் இருக்கிறது. அதை வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, கயிற்றை மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குப் போகக் கூடாது, தண்ணீர் கடினமாகிவிடும்.

கலக்குவதற்காக யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். வெள்ளம் புகுந்த கிணற்றில் காற்று எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சுண்ணாம்புக்கல்

நீர்க்கணக்கு ஐயா சொன்ன முறை மிகச் சரி. ஆனால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு யாராவது வெள்ளத் தண்ணீரில் அதே அளவைப் போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். அது தெளிந்த நீருக்கான கணக்கு. மண்ணும் இலைச்சருகும் சாக்கடையும் கலந்த நீரில் குளோரின் போட்டால், அது முதலில் அந்த அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிருமி வரை போய்ச் சேராது.

ஆகவே முதல் வேலை தெளிய வைப்பது. நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். அதே வேலையைப் படிகாரமும் செய்யும். இரண்டும் இல்லையென்றால் இரவு முழுவதும் அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு மிக நல்லது. குளோரின் அதற்குப் பிறகுதான்.

வீட்டு அளவுக்கு நான் பின்பற்றும் முறை இது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 30 கிராம் புதிய பொடியைக் கரைக்கிறேன். சில மணி நேரத்தில் தெளிந்ததும் மேல்நீரை வெளிச்சம் புகாத பாட்டிலுக்கு மாற்றுகிறேன். இது சுமார் 1 சதவீதக் குளோரின் கரைசல். 20 லிட்டர் தெளிந்த நீருக்கு இதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. வடிகட்டிய பிறகும் கலங்கலாகவே இருந்தால் இரண்டு டீஸ்பூன். கலக்கி மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் என்பது லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், இரண்டு என்பது 5. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் குளோரினுக்கு வைத்திருக்கும் மேல்வரம்பும் லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான். குழாயடி நண்பர் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார், அவருக்கான பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அரை மணி கழித்து முகர்ந்து பாருங்கள். லேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் வாடை வரவில்லையென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஒன்று தண்ணீர் மிக மோசம், அல்லது உங்கள் பொடி செத்துவிட்டது.

வாடை பிடிக்காவிட்டால், குடிக்கும் அளவை மட்டும் இரண்டு சுத்தமான பாத்திரங்களுக்கு இடையே காபி ஆற்றுவதுபோல் நான்கு முறை ஆற்றிக் குடியுங்கள். குடத்தில் இருப்பதை ஆற்ற வேண்டாம்.

தாமிரபரணிக்கரை

மிக்க நன்றி ஐயா. பொடி செத்துவிட்டது என்கிறீர்களே, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கள் ஊர்க் கடையில் மெல்லிய பாலிதீன் பையில் கட்டி, பரணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

சுண்ணாம்புக்கல்

அந்தப் பையை வாங்காதீர்கள். இந்த இழையைப் படிப்பவர்கள் இது ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஈரம், வெயில், வெப்பம், காற்று நான்கும் இந்தப் பொடிக்குப் பகை. பை திறந்தே கிடந்தால் குளோரின் வெளியேறி, கடைசியில் மிஞ்சுவது சுண்ணாம்பு. நிறம் அப்படியே வெள்ளையாக இருக்கும், அதனால் பார்வைக்குத் தெரியாது. கட்டி கட்டியாக, பிசுபிசுப்பாக இருந்தால் வேண்டாம். உறையைத் திறந்தவுடன் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை வராவிட்டாலும் வேண்டாம். தயாரித்த தேதி அச்சிட்ட, தடித்த உறையில் உள்ளதை வாங்குங்கள். ஒரு கிலோ எதற்கு? குடிநீருக்கு மட்டும் என்றால் கால் கிலோவே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் புதிதாக வாங்கிக்கொண்டு, பழையதைக் கழிவறை கழுவச் செலவழித்துவிடுங்கள்.

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். தகர டப்பா அரித்துப்போகும். பீரோவுக்குள்ளும் ஃபிரிட்ஜ் பக்கத்திலும் வேண்டாம், கசியும் வாயு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், சமையல் எண்ணெய் இவற்றின் அருகில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். புயலுக்கு எடுத்துவைக்கும் பொருள்களை எல்லாம் ஒரே பெட்டியில் போடும் பழக்கம் நமக்கு உண்டு. மண்ணெண்ணெய் விளக்கும் இந்தப் பொடியும் ஒரு பெட்டியில் இருக்கக் கூடாது.

1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் என்பவர் பருத்தித் துணியை வெளுக்கக் காப்புரிமை பெற்ற பொடி இது. 1847இல் வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கைகழுவச் செய்ததும் இதன் கரைசலில்தான். பிரசவ அறைச் சாவுகள் அதன்பின் சரிந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சோதித்துப் பார்த்த பொருள். சரியாக வைத்துக்கொண்டால் நம்மைக் கைவிடாது.

பள்ளிக்கரணை நாரை

எனக்கு இந்தப் பொடியைப் பற்றி வேறொரு மனக்குறை உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோதும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்ததும் முதலில் வந்தது வெள்ளைக்கோடுதான். தெருவின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டே போனார்கள். குப்பை அள்ளுவதற்கு முன்பே தூவினார்கள். அழுகிய மெத்தைகள், காய்கறிக் கழிவு, செத்த எலி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. அன்று மாலையே மழை பெய்து அதையும் அடித்துக்கொண்டு போனது.

சுண்ணாம்புக்கல் ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தப் பொடி என்ன செய்திருக்கும்? காய்ந்த தரையில் காய்ந்த பொடி எதையும் கொல்லாது. குப்பை மேல் போட்டால் குப்பையே குளோரினைத் தின்றுவிடும். அந்த மூட்டைகளைக் கரைசலாக்கி வீட்டு சம்ப்களுக்கும் குடங்களுக்கும் கொடுத்திருந்தால் எத்தனை குழந்தைகளுக்குப் பேதி வராமல் தடுத்திருக்கலாம்! 2020 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்களே, அதுவும் இதே மனநிலைதான். மருந்து வாடை அடித்தால் வேலை நடந்துவிட்டது என்ற நினைப்பு. மனிதர்கள் மேல் தெளிப்பதால் கெடுதல்தான் என்று உலக சுகாதார நிறுவனமே அந்த ஆண்டு எச்சரித்தது.

நீர்க்கணக்கு

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தூவுவது முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன். கழிவறைத் தொட்டி நிரம்பி வழிந்த இடம், செத்த மாட்டை அகற்றிய இடம், அடிபம்பைச் சுற்றியுள்ள சிமெண்டு மேடை போன்ற இடங்களைக் கழுவிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே போட்டால் பலன் உண்டு. அகற்றாமல், கழுவாமல், சாலை ஓரத்தில் கோடு இழுப்பதில் பலன் இல்லை. இதைப் பணியில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்கோடு இல்லையென்றால் சுகாதாரத் துறை வரவே இல்லை என்று பொதுமக்களே புகார் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மாற வேண்டும்.

செவிலி மங்கை

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகு எங்களிடம் வருபவர்களை வைத்துச் சில விஷயங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. சேறு படிந்த குளியலறையைச் சீக்கிரம் சுத்தம் செய்ய வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள். அந்த நொடியே மஞ்சள் பச்சையாகக் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். இருமலோடும் மூச்சுத்திணறலோடும் வருவது பெரும்பாலும் வீட்டைச் சுத்தம் செய்த பெண்கள்தான். ஆசிட் ஊற்றிய தரையை நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் அதன்மேல் பொடி போடுவதும் இதே ஆபத்துதான். வாயு கிளம்பிவிட்டால் எதையும் அள்ளவோ கழுவவோ நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடும் சேர்க்க வேண்டாம்.

கரைசலைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாத வீட்டில், இருட்டில், குழந்தை எதை எடுத்துக் குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சுண்ணாம்புக்கல் ஐயா சொன்ன பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். கரைக்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் முதலில் சேற்றை வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அதன்பிறகு குளோரின் கரைசலால் துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். சேற்றின் மேல் ஊற்றினால் சேறுதான் வெளுக்கும். இந்த வேலை செய்யும்போது காலில் ரப்பர் செருப்பாவது இருக்கட்டும், பூட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடப்பவர்களுக்குத்தான் எலிக்காய்ச்சல் அதிகம் வருகிறது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணூர்க் கழி

ஒன்று சேர்க்கிறேன். குளோரின் கிருமிக்கு மட்டும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வீட்டுச் சுவர்களில் கறுப்பு வரி படிந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் எத்தனை டீஸ்பூன் ஊற்றினாலும் குடிக்க ஆகாது. கொதிக்கவைத்தாலும் ஆகாது. பூச்சிமருந்து மூட்டை கரைந்த வயல்நீர், கடல்நீர் புகுந்த கிணறு, தொழிற்பேட்டை வழியாக வந்த வெள்ளம் எல்லாம் இதே கணக்குதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிப்போனதே, அதைக் குளோரின் சரிசெய்யவா போகிறது? தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மருந்து வாடையோ இருந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்திருங்கள்.

இதற்காகவே, புயல் எச்சரிக்கை வந்த அன்றே வீட்டிலுள்ள குடம், அண்டா, குக்கர் வரை நிரப்பி வைப்பது எங்கள் வழக்கம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும், ஐந்து பேருக்கு நான்கு நாளைக்கு 60 லிட்டர். மூன்று கேன் தண்ணீர்தானே.

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. செவிலி மங்கை அக்கா, ஆசிட் விஷயத்தை இப்போதே வீட்டில் படித்துக் காட்டிவிட்டேன். நீர்க்கணக்கு ஐயா, இரண்டு கேள்விகள் மிச்சம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் சம்புக்கும் அளவு என்ன? குளோரின் மிச்சம் 0.5 இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நீர்க்கணக்கு

வெள்ளம் வடிந்ததும் சம்பை முழுவதும் இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பொடி வீதம், நான் முன்பு சொன்னபடி கரைத்துத் தெளியவைத்து ஊற்றி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். இது தொட்டியைச் சுத்தம் செய்யும் அளவு, குடிக்கும் அளவு அல்ல. அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிய தண்ணீர் பிடியுங்கள். செடிகளுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் மீன் வளர்க்கும் குளத்துக்கும் அதை விடாதீர்கள்.

கிணற்றுக்கும் இதே அளவுதான். நான் சொன்ன 3400 லிட்டர் கிணறு என்றால் அரைக்கிலோ பொடி, ஐந்து வாளிகளாகக் கரைக்க வேண்டும். ஒரு நாள் கழித்து, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். கால் கிலோ போதும் என்று சுண்ணாம்புக்கல் சொன்னது குடிநீருக்கு. உங்களுக்குக் கிணறு இருப்பதால் ஒரு கிலோவே வாங்குங்கள். மூட்டையாக வேண்டாம், கால் கிலோ, அரைக்கிலோ உறைகளாக. ஒன்றைத் திறந்தாலும் மற்றவை கெடாது.

மிச்சம் பார்க்க குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கரைசல் சில சொட்டுகள் விட்டால் மஞ்சள் நிறம் வரும். பெட்டியில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவைப் படிக்க வேண்டும். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், குடத்தில் திரும்ப ஊற்ற வேண்டாம். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் இந்தப் பெட்டி இருக்க வேண்டும். மழைக்கு முன்பே போய், காட்டச் சொல்லிக் கேளுங்கள். கரைசல் தீர்ந்துபோயிருந்தால் வாங்கி வைக்கச் சொல்லி ஊராட்சியில் எழுத்தில் கொடுங்கள், இப்போது கேட்டால் மழைக்குள் வந்துவிடும்.

தாமிரபரணிக்கரை

தொட்டி இயக்கும் அண்ணன் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். நாளைக் காலை தண்ணீர் திறக்க வரும்போதே கேட்டுவிடுகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.